முட்டியும் முப்பது அணிகளும்

கூடைப்பந்தைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஒருநாளும் ஆடியதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் (ஷூவோடு). குன்னூரில் படித்த காலத்தில் பள்ளி மைதானத்துக்குள் என்னை விட்டதே ஸ்கோர் பலகையில் எண் தட்டு மாட்டுவதற்காகத்தான். ஆனால் ஒரு விளையாட்டை ஓரத்திலேயே உட்கார்ந்து பார்ப்பவனுக்கு ஒரு வியாதி வரும். உள்ளே ஓடுகிறவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நம்பத் தொடங்கிவிடுவான். எனக்கு அது முற்றியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் இலை எடை போடும் கிளார்க். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா செல்வி வீட்டில் சாப்பாடு, அதே லைனில், அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசையில், பக்கத்து அறையில் படுக்கை. என்னைவிட அக்காவுக்குப் பதின்மூன்று வயது அதிகம். அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். என்னைக் காலேஜ் வரை அனுப்பியவளும் அவள்தான் (இதைப் பின்னால் வரப்போகும் பகுதிக்காக இங்கேயே சொல்லிவைக்கிறேன். அப்போது நான் எவ்வளவு அற்பமாக நடந்துகொண்டேன் என்று கணக்கிட உதவும்).

அமெரிக்காவில் இரவு நடக்கும் தொழில்முறை ஆட்டம் நமக்கு விடிந்த பிறகு வரும். டிவி அக்கா வீட்டில்தான் இருந்தது. ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டே ஒரு கண்ணை டிவியில் வைத்திருப்பாள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஏழரைக்குப் போக வேண்டும். அதற்குமுன் டீ டம்ளரோடு கதவு நிலையில் சாய்ந்து நின்று பத்து நிமிடம் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். நான்தான் அவளுக்கு விளக்குவேன். நான்கு வருடம் விளக்கினேன். அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பதை, அவளுக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

சென்னையில் தமிழில் விளையாட்டுப் பேசும் ஓர் இணைய சேனல் இருந்தது. அதில் நான் நீள நீளமாகக் கருத்து எழுதுவேன். ஒருநாள் அதன் தொகுப்பாளர் தீபன் என்னைக் கூப்பிட்டார். புது சீசன் தொடங்கப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேரலை, முப்பது அணிகளும் எந்த இடத்தில் முடிக்கும் என்று வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும், நன்றாக வந்தால் சென்னையிலேயே வேலை என்றார்.

மறுநாள் காலை ஃபேக்டரி மேனேஜரின் அறைக்குப் போனேன். இன்னும் சில வாரங்களில் நான் விலகிவிடுவேன், எடைமேடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வது நல்லது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என்னுடைய திறமை இந்த மலையில் தேங்கிப்போகிறது என்றும் சேர்த்துச் சொன்னதாக ஞாபகம். (சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய ஆசைதான். பக்கத்து மேசையில் ஹெட்கிளார்க் இருந்தார்.)

ஒரே ஒரு சிக்கல். அதே ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோழிக்கோடு போவதாக மூன்று மாதத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது. அக்கா கடலைப் பார்த்ததில்லை. எங்கள் அப்பா அம்மா சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால் இருவரும் வாந்தி எடுத்ததைத்தான் விவரிப்பார்கள். அதற்குமேலும் ஏதாவது இருக்கும் என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம். மாமா முருகேசன், அக்காவின் வீட்டுக்காரர், எமரால்டு ஊரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். அந்த ஒரு ஞாயிறுக்கு வண்டியைக் கழுவிவைத்திருந்தார்.

நான் வரவில்லை என்றேன். அக்கா யோசித்துவிட்டு, "இங்க தண்ணித் தொட்டி மேல ஏறுனாத்தாண்டா டவர் கெடைக்குது. அங்க டவுனுக்குப் பக்கத்துலயே கடல். அங்க வச்சே பேசு" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. பின்னால் கடல் தெரிந்தால் ஒரு வெளிநாட்டுத் தோரணை வரும் என்று எனக்கும் தோன்றியது. போன் வைக்க மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கினேன். ஹெட்கிளார்க்கிடம் அவர் கல்யாணக் கோட்டை இரவல் கேட்டேன், டையோடு. முப்பது அணிகளைப் பற்றியும் இலை எடை போடும் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு தாளுக்கு ஓர் அணி. பக்க எண் போடவில்லை. வரிசை என் தலையில் இருப்பதாக நினைத்தேன்.

விடிகாலையில் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாகக் கிளம்பினோம். கூடலூரில் டீ குடித்தபோது குல்லா கழன்றது. நாடுகாணி மலை இறங்கியதும் ஸ்வெட்டர் கழன்றது. கோழிக்கோட்டில் இறங்கியபோது இன்னும் எதைக் கழற்றலாம் என்ற நிலை. நான் அப்போதுதான் கோட்டைப் போட்டேன்.

மணலில் துண்டு விரித்து அக்கா கட்டிவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். அக்கா சாப்பிடும்போதும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியிருக்கிறது என்று மாமா கேட்டதற்கு, அம்மா சொன்னதில் பாதிதான் உண்மை என்றாள். பிறகு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட நெல்லிக்காயும் அன்னாசியும் விற்கும் வண்டிக்கு இருவரும் போனார்கள். நான் இடம் தேடினேன்.

காய்ந்த மணலில் ஸ்டாண்டு நிற்கவில்லை. ஒரு கால் புதைந்தால் மற்ற இரண்டும் சாய்ந்தன. தண்ணீர் ஓரமாகப் போனால் மணல் ஈரமாக, சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு எல்லோரும் ஏன் மேலே மணலில் புதைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வியந்தேன். பிக்கப்பிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து கடலுக்கு முதுகு காட்டிப் போட்டேன்.

நெல்லிக்காய் விற்கும் பெரியவர் இதைப் பார்த்துவிட்டு வண்டியிலிருந்தே குரல் கொடுத்தார். "மோனே, வெள்ளம் கேறும்."

எனக்கு மலையாளம் அந்த அளவுக்குத்தான் தெரியும், அதாவது தெரியாது. வெள்ளம் என்றால் ஊர் மூழ்குகிற வெள்ளம் என்று நினைத்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவரைப் பார்த்துப் பெருந்தன்மையாகக் கையசைத்தேன். மலையாளத்தில் சாதாரணத் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர் என்பதும், அது நேரமானால் மேலே ஏறிவரும் என்பதும் அன்று மாலை தெரிந்துகொண்ட விஷயங்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்கு ஒரே திசைதான் உண்டு. கீழே.

நான்கு மணிக்கு நேரலை தொடங்கியது. காற்றில் ஸ்டாண்டு ஆடியதால் அக்கா அதன் பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள். மாமா தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தீபன் நல்ல மனிதர். "நீலகிரியிலிருந்து நம்மோடு இணைகிறார்" என்று ஆரம்பித்து, எனக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு கணம் தடுமாறி, சமாளித்துக்கொண்டார்.

முதலில் சாம்பியன் யார் என்று கேட்டார். அதற்குத் தாள் தேவைப்படவில்லை. ஒரு கடலோர நகரத்து அணியைச் சொன்னேன் (பெயர் வேண்டாம், அதன் ரசிகர்கள் இன்றும் எனக்கு எழுதுகிறார்கள்). அந்த அணியில் ஏழடியை நெருங்கும் ஒரு வீரர். எங்கள் வீட்டில் அவருக்கு நெட்டையன் என்று பெயர். அவர் இருக்கும்வரை வேறு எந்த அணியும் கோப்பையைத் தொட முடியாது, வேண்டுமானால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. இருந்தாலும் குரலில் ஒரு கம்பீரம் இருந்ததை நானே கவனித்தேன்.

அப்போது ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது.

ஓர் அலைதானே, திரும்பிப் போய்விடும் என்று தொடர்ந்தேன். அது போனது. போகும்போது நாற்காலியின் பின்கால்களுக்கு அடியிலிருந்த மணலையும் கொண்டுபோனது. நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தேன். நேரலையில் பார்த்தவர்களுக்கு, பேசப் பேச என் பார்வை தீபனிடமிருந்து வானத்துக்கு உயர்ந்தது மாதிரி தெரிந்ததாம். தீர்க்கதரிசி போல இருந்தது என்று பிறகு ஒருவர் எழுதியிருந்தார். நான்காம் இடத்து அணிக்காகக் கையை நீட்டினேன். மாமா நீட்டிய தாள் இருபத்தேழாம் இடத்து அணியுடையது. அதைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் உணர்ந்தேன். திருத்தம் சொல்ல வாயைத் திறந்தபோது இரண்டாவது அலை வந்தது.

நாற்காலி, நான், கோட்டு மூன்றும் மல்லாந்தோம். மாமா கையிலிருந்த தாள்களைக் காற்று வாங்கிக்கொண்டது. அவர் அவற்றின் பின்னால் ஓடினார். ஸ்டாண்டு சரிந்தபோது அக்கா போனை மட்டும் பிடுங்கிக்கொண்டாள். ஸ்டாண்டு கடலோடு போனது, நான் அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை. போன் கேமராவில் இப்போது அக்கா முகம்.

தீபன் என்ன ஆயிற்று என்று பதறினார். அக்கா சாவகாசமாக, தம்பி விழுந்துவிட்டான், ஒன்றுமில்லை, எழுந்துவிடுவான் என்றாள். நான் எழும் வரைக்கும் அவருக்கு நேரத்தை ஓட்டியாக வேண்டும். நீங்கள் யார் என்று கேட்டார். அக்கா என்றாள். நீங்களும் கூடைப்பந்து பார்ப்பீர்களா என்றார். காலையில் பார்ப்பேன் என்றாள். அப்படியானால் தம்பி சொன்ன அணிதான் ஜெயிக்குமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அக்கா.

ஏன் என்றார்.

"அந்த நெட்டையனுக்கு எடது முட்டி போயிருச்சுங்க. ஓடுறப்போ ஒண்ணும் தெரியாது. குதிச்சுக் கீழ எறங்குறப்போ பாருங்க, எடது காலை ஊனமாட்டாரு. ஒரு வருசமா வலது கால்லயேதான் எறங்குறாரு. இலை மூட்டையோட சரிவுல எறங்குறவங்களுக்கு அப்பிடித்தான் ஆகும். மொதல்ல வெளிய தெரியாம நடப்போம். அப்புறம் ஒருநாள் ஒக்காந்துருவோம். அவரு பொங்கல் வரைக்கும் தாங்குவாருங்க."

நான் அப்போது நான்கு காலில் இருந்தேன், வாய் நிறைய உப்புத்தண்ணீரும் மணலும். அக்கா பேசியது ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. அதைவிட மோசமாக, தீபன் சிரிப்பதை நிறுத்திவிட்டு "அப்படியா" என்று கேட்ட குரலும் விழுந்தது. என்னிடம் பேசியபோது அந்தக் குரல் அவருக்கு வரவில்லை.

எழுந்து ஓடி அக்கா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். சொன்னது இதுதான், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை:

"அவங்க சொல்றத எடுத்துக்காதீங்க சார். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கொழுந்து பறிக்கிறவங்க."

 தீபன் ஒரு சிறிய இடைவேளை என்றார். இடைவேளைக்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள். முழங்கால் ஆழத்தில் போய் நின்றுகொண்டாள். பதினோரு தாள்களோடு திரும்பிவந்த மாமா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "அந்தக் கோட்டக் கழட்டுங்க மாப்ள. உப்பு பூத்துப்போச்சுன்னா ஹெட்கிளார்க்குக்குப் பதில் சொல்லோணும்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் கடற்கரையில் மிச்சமிருந்த மாலையை நான் பனியனோடு கழித்தேன். குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். பட்டம் விட்டார்கள். நெல்லிக்காய்ப் பெரியவர் ஒரு துண்டு அன்னாசியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார். அக்கா அங்கேயேதான் நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் நானும் தண்ணீருக்குள் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். சூரியன் சிவந்துகொண்டிருந்தது.

"தண்ணிக்குள்ள நின்னா வலி தெரியலடா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ரெண்டு வருசம் என்றாள்.

உலகத்தின் அந்தப் பக்கத்தில் ஓடுகிற முந்நூறு நானூறு பேரின் கணுக்கால் சுளுக்குவரை எனக்கு மனப்பாடம். எங்கள் லைனிலிருந்து ரோட்டுக்கு முப்பத்திரண்டு படி. அதில் அக்கா எந்தக் காலை முதலில் வைத்து இறங்குகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. பார்த்திருந்தால்தானே வருவதற்கு.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசை. கேட்டது திரும்பி வரும்போது, மலை ஏறுகையில், அக்கா தூங்கிய பிறகு. மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "நல்லாத்தான் கேட்டீங்க மாப்ள. காலையில அவ முழிச்சிருக்கறப்போ இன்னொருக்கா கேட்டுருங்க" என்றார். காலையில் கேட்டேன். சரி, போய்க் குளி, காதெல்லாம் மண்ணு என்றாள் அக்கா.

தண்டனை வேறு வழியாக வந்தது. நேரலையை எஸ்டேட் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் கூடிப் பார்த்திருந்தார்கள். மறுநாள் எடைமேடைக்கு முதலில் வந்த பெண் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, மிக மரியாதையாக, "நாங்க கொழுந்து பறிக்கிறவங்க, ஒண்ணும் தெரியாதுங்க. முள்ளு எங்க நிக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். நாற்பத்திரண்டு பேர், காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை. மூன்று வாரம் நடந்தது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

இதற்கு நடுவில் அக்காவைக் குன்னூரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தேய்மானம், சரிவில் வேலை கூடாது என்றார். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் ஃபேக்டரிக்குள் டீத்தூளில் குச்சி பொறுக்கும் இடத்தில்தான் இருந்தது. அதற்கு மேனேஜர் மனது வைக்க வேண்டும். ஆகவே என் திறமை தேங்கிப்போவதாகச் சொன்ன அதே மேசைக்கு முன்னால் மறுபடி போய் நின்றேன். விலகுவதாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். எடைமேடைக்கு வேறு ஆள் பார்க்கவே இல்லை என்றார். அக்காவை அடுத்த திங்கட்கிழமை உள்ளே மாற்றினார்.

சீசன் தொடங்கியது. கடலோர அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் நான் டிவியைப் பார்ப்பேன், அக்கா டம்ளரோடு நின்று பார்ப்பாள், இருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். பொங்கல் வந்தது, நெட்டையன் ஆடினார். மாட்டுப் பொங்கலுக்கும் ஆடினார். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் தலைகாட்டியது. ஒன்பது நாள் கழித்து ஒரு காலையில் அவர் பந்தைக் கூடைக்குள் திணித்துவிட்டுக் கீழே இறங்கினார். இறங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சீசனில் அவர் அப்புறம் ஆடவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அக்கா முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. "பாவம். யாராச்சும் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

என்னுடைய மற்ற இருபத்தொன்பது கணிப்புகளின் கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசி இடம் கொடுத்த அணி அரையிறுதிக்குப் போனது. சரியாகச் சொன்னது ஓர் அணியை மட்டும். நான்காம் இடத்துக்கென்று நான் படித்த, மாமா தப்பாக நீட்டிய தாள் அது.

நெட்டையன் உட்கார்ந்துவிட்ட அடுத்த வாரமே தீபன் கூப்பிட்டார். குசலம் விசாரித்துவிட்டு, அக்காவிடம் போன் இருக்கிறதா என்று கேட்டார். சாதாரண போன்தான் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில், அக்கா பேச ஆரம்பித்தாள். மாதத்துக்கு இரண்டு முறை, யார் எந்தக் காலை ஊன்றுகிறார், யாருக்குத் தோள் வலிக்கிறது என்று. முதல் நிகழ்ச்சிக்கு முன், திரையில் பெயருக்குக் கீழே என்ன போடுவது, கூடைப்பந்து ஆர்வலர் என்று போடலாமா என்று கேட்டார்கள். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"கொழுந்து பறிக்கிறவங்கன்னே போடுங்க. தம்பி ஏற்கனவே சொல்லிட்டான்" என்றாள்.

அப்படியேதான் போட்டார்கள். இன்றும் அப்படித்தான் வருகிறது.

ஸ்டாண்டு கடலோடு போனதால் போனைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஐந்தடி மூன்று அங்குலம் அதற்கு மிகச் சரியான உயரம் என்று மாமா கண்டுபிடித்தார். இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்க மேட்டுப்பாளையம் போனோம். பெண்ணின் அப்பா அக்காவைத் திரையில் பார்த்திருந்தார். அவளிடம் அரைமணி நேரம் தன் முட்டியைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியாக என் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை என்ன பண்றாருங்க என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமா, அந்த நிகழ்ச்சியில் ஸ்டாண்டாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவளைத்தான் கட்டிக்கொண்டேன். அவள் போனில் என் நம்பர் இன்றுவரை அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நான் கூப்பிடும்போதெல்லாம் என் மகள் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பாள்: "அம்மா, ஸ்டாண்டு பேசுது."